அந்த சைபரை யாருமே சொல்லித் தர்றதில்லை

அக்கா பையன் ப்ளஸ் டூ படிக்கிறான். நேத்து இயற்பியல் புத்தகத்தோட வந்து, "மாமா, மின்னூட்டம் பெற்ற கோளம். மூணே வரிதான், ஒப்பிக்கிறேன், சரியான்னு பாருங்க"ன்னான்.

வெளியே மின்புலம் மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், பரப்பில் அதிகபட்சம், உள்ளே சைபர். மூணும் சரி.

"உள்ளே ஏன்டா சைபர்?"

"காஸ் விதிப்படி மாமா. மார்க்குக்கு இவ்ளோ போதும்னு டியூஷன்ல சொன்னாங்க."

இங்கதான் எனக்குக் கடுப்பு. என்னைக் கேட்டா, இந்தப் பாடத்தையே அந்த சைபர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். அதுக்கு ஒரு டார்ச் லைட் போதும்.

ஒரு பெரிய உலோகக் கோளம், உள்ளே காலி. மின்னூட்டம் முழுக்க ஓட்டின் மேல சமமாப் பரவியிருக்கு. நீங்க உள்ளே, நடுவுல இல்லாம ஓரமா நிக்கறீங்கன்னு வச்சுக்குங்க. முன்னாடி சுவர் 1 மீட்டர், முதுகுப்பக்கம் 2 மீட்டர். டார்ச்சை முன்னாடி அடிச்சா ஒரு வெளிச்ச வட்டம். அப்படியே பின்னாடி திருப்புங்க. தூரம் ரெண்டு மடங்கு, வெளிச்சம் விழற பரப்பு நாலு மடங்கு. அப்போ அங்கே இருக்கற மின்னூட்டமும் நாலு மடங்கு. ஆனா தூரம் ரெட்டிப்பானதால விசை கால்வாசி. நாலு இன்ட்டு கால், ஒண்ணு. முன்னாடி, பின்னாடி ரெண்டும் சரிக்குச் சரி. எந்தத் திசையில திருப்பினாலும் இதே கணக்குதான். அதான் சைபர்.

விசை வேற மாதிரி குறைஞ்சிருந்தா இந்தக் கணக்கு டேலி ஆகாது. இதை வச்சுத்தான் 1773-ல கேவண்டிஷ் சோதிச்சார். ஒரு கோளத்துக்குள்ளே இன்னொரு கோளம். ரெண்டையும் கம்பியால இணைச்சு மின்னூட்டினார். உள்கோளத்துல ஒண்ணும் தங்கலை. அடுக்கு 2-லேருந்து விலகினா 50-ல ஒரு பங்குக்கு மேல இருக்காதுன்னு முடிவுக்கு வந்தார். மனுஷன் வெளியிடவே இல்லை! 1785-ல கூலும் தன் முறுக்குத் தராசுல அளந்து பேர் வாங்கிட்டார். கேவண்டிஷோட குறிப்புகளை மேக்ஸ்வெல் பதிப்பிச்சது 1879-ல.

1930-களில் வான் டி கிராஃப் அமெரிக்காவுல, ரவுண்ட் ஹில்ங்கற இடத்துல, 15 அடி விட்டத்துல ரெண்டு கோளம் வச்சு ஒரு ஜெனரேட்டர் கட்டினார். லட்சக்கணக்கான வோல்ட். கோளத்துக்குள்ளேயே ஆய்வுக்கூடம்! இப்போ அது பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்துல இருக்கு.

ஏன் அவ்வளவு பெரிய கோளம்? பரப்பில் மின்புலம்னா வோல்ட்டை ஆரத்தால வகுத்தது. மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் தாண்டினா காத்து தாங்காது, பொறி பறக்கும். 15 செ.மீ. ஆரத்துக்கு 4.5 லட்சம் வோல்ட்தான் உச்சம். பெருசு வேணும்னா பெரிய உருண்டை வேணும்.

ஒரு எச்சரிக்கை: உள்ளே மின்புலம்தான் சைபர், மின்னழுத்தம் சைபர் இல்லை. உள்ளே எங்கேயும் பரப்பில் இருக்கற அதே வோல்ட்தான். பசங்க பாதிப்பேர் கோட்டை விடறது இங்கதான்.

எல்லாம் கேட்டுட்டு பையன், "மாமா, டார்ச் படம் வரைஞ்சா மார்க் போடுவாங்களா?"ன்னான்.

போடமாட்டாங்கடா. ஆனா பரீட்சை முடிஞ்ச அப்புறமும் அதுதான் ஞாபகத்துல நிக்கும் :-)