கன்னத்தில் ஒரு டெபாசிட்

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவுதான். முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே 'ஃபில்லர்' ஊசி, அதுவும் அப்படித்தான்.

நம் தோலுக்குள் ஹயலூரானிக் ஆசிட் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பேர்தான் ஆசிட். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பரம சாது! வயசானால் குறையும், கன்னம் ஒட்டும். அதையே ஜெல்லாக்கி ஊசியில் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் 'ரெஸ்டிலேன்' என்ற ஜெல்லுக்கு 2003-ல் அனுமதி கிடைத்தது. பல மாசம் தாங்கும். ஆக, டெபாசிட்.

இதில் சிகரெட் எங்கே வந்தது?

ஊசி குத்தினால் சின்னதாகவாவது புண் உண்டு. ஆற ரத்தம் வேண்டும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் வேண்டும். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். கார்பன் மோனாக்ஸைடோ, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஆசாமி. ஆக்ஸிஜனின் சீட்டை இருநூறு மடங்கு பிடிவாதத்தோடு பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, தோலைத் தாங்கும் கொலாஜனை வெட்டுகிற என்ஸைம் புகைப்பவர்களின் தோலில் அதிகம் வேலை செய்கிறது என்று 2001-ல் 'லான்ஸெட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கணக்குப் பாஷையில், தேய்மானம் ஜாஸ்தி.

பணம் போனால் போகட்டும். ஜெல் தப்பித் தவறி ரத்தக் குழாயை அடைத்துவிட்டால் அந்த இடத்துத் தோலே செத்துப் போகலாம். ஏற்கெனவே ரத்த ஓட்டம் சுணங்கிய முகம் என்றால் கேட்க வேண்டாம். ஊசி போட்ட இடம் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி தாங்கவில்லை என்றாலோ, 'காலையில் பார்க்கலாம்' என்று தூங்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். இந்த ஜெல்லைக் கரைக்க மாற்று மருந்து இருக்கிறது. நேரம்தான் முக்கியம்.

சரி, 'சிகரெட் பழக்கம் உண்டா?' என்று க்ளினிக்கில் கேட்பார்கள். அம்மணி சத்தியமாக 'இல்லை' என்பார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், சட்டைப் பையில் பாக்கெட்டோடு, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தவர் விட்ட புகையும் ரத்தக் குழாயைக் கெடுக்கும் சார்! 'எனக்கில்லை, இவருக்கு உண்டு, ஹாலில்தான் ஊதுவார்' என்று சொல்லிவிடுங்கள் அம்மா. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

ஊசிக்கு செக் கொடுக்கிற கணவன்மார்களே, கணக்கு டேலியாக வேண்டுமானால் முதலில் தீப்பெட்டியைக் கீழே வையுங்கள். ஊசியே போடாவிட்டாலும் அந்த முகத்துக்கு அது லாபம்தான்.