விரலுக்கு விலை பேசாதீர்!

உழைப்பவன் கையே உயர்ந்த கை என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கையில் ஐந்து விரல்களும் இருக்கின்றனவா என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று நீளும் நெடுஞ்சாலையோரத்தில் தச்சுப் பட்டறைகள் உள்ளன. இரும்பு ஒட்டும் கடைகளும் கராஜ்களும் உள்ளன. வயற்புறம் சென்றால் நெல் ஆலைகள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையைத் துடைத்தெடுத்த பின்னர், கதவும் நிலையும் கூரையும் படகும் மறுபடி செய்து தந்தவை ஓடாவிமாரின் கைகளும் கொல்லர்களின் கைகளுமே. தமிழர் வீட்டை முஸ்லிம் ஓடாவியும், முஸ்லிம் வீட்டைத் தமிழ் ஓடாவியும் கட்டியெழுப்பினர். அத்தகைய கை ஒன்று பட்டறையிலே சிதையும்போது நாம் கொடுப்பது என்ன? மருத்துவமனைக்கு ஒரு முச்சக்கர வண்டி, ஒரு கிழமைச் சம்பளம், "விதி" என்ற ஒரு சொல். அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

விதியன்று, காரணம் உண்டு

விதியின்மேல் பழி போடுவோர் பட்டறைக்குள் ஒரு கணம் நின்று பார்க்கட்டும். காம்பு ஆடும் சுத்தியலின் தலை என்றோ ஒரு நாள் கழன்று பறக்கத்தான் போகிறது. அடிபட்டு அடிபட்டுத் தலை காளான்போல் விரிந்த உளியிலிருந்து இரும்புச் சிராய் தெறிக்கிறது. அது கண்ணிலே பட்டால் பார்வை போகிறது. பிடியில்லாத அரத்தின் வால்முனை உள்ளங்கையில் பாய்கிறது. திருப்புளியை உளியாகவும், ஸ்பானரைச் சுத்தியலாகவும் பயன்படுத்துவோர் கருவியையும் கெடுக்கிறார்கள், கையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். கூரிய உளி ஆபத்தானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மழுங்கிய உளிக்கே மிகுந்த பலம் வேண்டும். மிகுந்த பலம் கொடுத்த இடத்திலேதான் கை வழுக்கும். ஆகவே உளியைத் தீட்டுக. மரத்தைப் பிடிகருவியில் இறுக்குக. வெட்டுவாயின் முன்னே மற்றக் கையை வைக்காதிருக்க. இவ்வளவுக்கும் பணம் வேண்டியதில்லை, பழக்கமே வேண்டும்.

மின்கருவி வந்தபின் ஆபத்தும் பெருகியது. கையிற் பிடிக்கும் 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுழல்வது. வேலை விரைவாக முடியுமென்று அதன் காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய வட்டத்தகட்டைப் பூட்டுகிறார்கள். அந்தத் தகடு அத்தனை வேகத்தைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று; சிதறினால் எதிரே நிற்பவன் முகத்திலேயே சிதறும். நெல் ஆலையின் பட்டி காப்பின்றி ஓடுகிறது. உழவு இயந்திரத்தின் பின்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது, "ஐயோ" என்று வாய் திறக்கும் ஒரு வினாடிக்குள் ஒன்பது சுற்று! அதில் சாரத்தின் நுனி சிக்கினால் மனிதனுக்குத் தப்பும் அவகாசம் ஏது?

மரத்தூளும் சிறிய விடயமன்று. அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது.

வங்காளதேசத்திலே ராணா பிளாசாக் கட்டடம் 2013 ஏப்ரல் 24இல் இடிந்து விழுந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்புகள் காணப்பட்டன. மறுநாளும் தொழிலாளர் உள்ளே அழைக்கப்பட்டனர். கண்ணால் கண்ட வெடிப்பைப் புறக்கணித்துவிட்டு விதி என்று பேசுவது எவ்வகை நீதி? ஆடும் சுத்தியலும் அத்தகையதொரு வெடிப்பே.

சட்டம் சொல்வது யாது?

"தொழிற்சாலைச் சட்டம் கொழும்புப் பெரிய ஆலைகளுக்கு, எங்கள் பட்டறைக்கு அன்று" என்று சிலர் எண்ணியிருக்கிறார்கள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாக அல்லது ஆதாயத்துக்காகப் பொருளைச் செய்யவோ திருத்தவோ ஆட்களை உடலுழைப்பில் அமர்த்திய இடத்தைத் தொழிற்சாலை என்கிறது. கட்டடத்தின் பருமனை அது பெரிதாகக் கருதவில்லை. ஆபத்தான இயந்திர உறுப்புகளுக்கு வேலி இடவேண்டும். முதலுதவிப் பெட்டி இருக்கவேண்டும். உயிரிழப்போ, மூன்று நாளுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்க இயலாமற் செய்யும் காயமோ நேர்ந்தால் அறிவிக்கவேண்டும். இவை சலுகைகளல்ல, கடமைகள்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் காயம் நேர்ந்ததென்று காட்டினாற் போதும். முதலாளி குற்றவாளி என்று நிரூபிக்கவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் நட்டஈட்டின் உச்ச எல்லையை 5,50,000 ரூபாவிலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. உரிமையைத் துறப்பதாகத் தொழிலாளியிடம் எழுதி வாங்கும் தாள் சட்டத்தின்முன் செல்லாது. ஒரு கிழமைச் சம்பளத்தைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டவர்கள் இதை நினைவில் வைப்பார்களாக!

தொழிலாளிக்கும் ஒரு சொல். மதுபோதையில் வேலை செய்து காயப்பட்டாலும், பாதுகாப்புக் காப்பை மனமறிந்து தானே அகற்றியதால் காயப்பட்டாலும், உயிரிழப்பு அல்லாதவிடத்து நட்டஈடு கிடையாமற் போகலாம். கவனக்குறைவு வேறு, மனமறிந்த மீறல் வேறு. முன்னையது உரிமையை அழிப்பதில்லை. ஆனால் முதலாளியே கழற்றிய காப்பை, விபத்தின் பின்னர் "அவன்தான் கழற்றினான்" என்று சாதிப்பதும் உலகில் நடப்பதே. ஆகவே காப்பில்லாத இயந்திரத்தைக் காட்டி, அன்றே சாட்சி வைத்துச் சொல்லுங்கள். சொன்னதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளிமார் கேட்கலாம்: "சிறு பட்டறை நடத்துகிறோம், இதற்கெல்லாம் பணம் ஏது?" நியாயமான கேள்வியே. ஆனால் கண்காப்புக் கண்ணாடி ஒன்றின் விலை ஓடாவியின் ஒரு நாட்கூலியைவிடக் குறைவு. கருவியோடு வந்த காப்பு மூடியைக் கழற்றாமல் விடுவதற்கு ஒரு சதமும் வேண்டியதில்லை. விரல் போன கைவினைஞனுக்குப் பதிலாக இன்னொருவனைப் பழக்கியெடுக்க எத்தனை ஆண்டு வேண்டும் என்பதை அவர்களே அறிவர். "இருபது ஆண்டு அனுபவம், எனக்கு என்ன நேரும்?" என்று மார்தட்டும் மூத்த தொழிலாளியும் ஒன்றை எண்ணவேண்டும்: அவர் செய்வதைப் பார்த்தே பயிற்சிக்கு வந்த பையன் பழகுகிறான். அந்தப் பையனுக்கு 16 வயது நிரம்பவில்லையாயின் 2021ஆம் ஆண்டின் திருத்தப்படி அவனை வேலைக்கு வைப்பதே குற்றம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவனை ஆபத்தான தொழிலில் இறக்குவதும் குற்றமே.

குறையும் கோரிக்கையும்

சட்டத்தில் ஓட்டை இல்லையென்று நாம் சொல்லவில்லை. தன் கருவியைத் தானே கொண்டு தனித்து உழைக்கும் ஓடாவிக்கும், தன் வயலில் தானே இயந்திரம் ஓட்டும் விவசாயிக்கும் நட்டஈடு கொடுக்க ஒரு முதலாளி இல்லை. நம் கரையின் உழைப்பாளரில் இத்தகையோர் மிகப் பலர். இவர்களுக்கெனச் சிறு சந்தாவும் அரசின் பங்கும் சேர்ந்த விபத்துக் காப்புறுதித் திட்டம் வேண்டும். இரண்டாவதாக, தமிழ் பேசும் தொழிலாளியின் விசாரணை தமிழிலேயே, அவன் ஊருக்கு அணித்தாகவே நடைபெறவேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு 1987இல் எழுதியது தாளில் கிடப்பதற்காகவன்று. மூன்றாவதாக, 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகத்தின் பயிற்சி கல்முனைக் கரையின் பட்டறை வாசலுக்குத் தமிழில் வரவேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி நிற்பதா? வேண்டாம். ஊர்தோறும் பட்டறைக்காரர் ஒன்றுகூடி மாதத்தில் ஒரு நாளைக் கருவி பார்க்கும் நாளாக வைத்துக்கொள்ளட்டும். ஆடும் காம்பு மாறட்டும். விரிந்த உளித்தலை அராவப்படட்டும். பிய்ந்த மின்கம்பி தூக்கியெறியப்படட்டும். துண்டான விரலைச் சுத்தமான துணியில் சுற்றி, பொலித்தீன் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து, காயப்பட்டவருடனேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும் என்பதையும், விரலை நேரே பனிக்கட்டியில் போடலாகாது என்பதையும் ஒவ்வொரு பையனும் அறியட்டும்.

ஆண்டுக்கொருமுறை ஆயுத பூசையன்று உளிக்கும் வாளுக்கும் சந்தனம் சாத்துகிறோம். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சீவுளியைத் தொடுகிறார் முஸ்லிம் ஓடாவி. கருவியை மதிக்கும் மரபு இரு சமூகத்துக்கும் உண்டு. அந்த மதிப்பு கருவி பிடிக்கும் கைக்கும் உரியதாகட்டும். விரலுக்கு விலை பேசும் வழக்கத்தை, விரலைக் காக்கும் வழக்கமாக மாற்றுவோம்.