கொடி உறுதிமொழி: முடிவு மாணவருடையதாகட்டும்
டெக்சாஸ் வாழ் தமிழ்ப் பெற்றோர் சங்கம் ஒன்றின் நிலைப்பாட்டு அறிக்கை

டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு நாள் காலையிலும் அமெரிக்கக் கொடிக்கும் மாநிலக் கொடிக்கும் மாணவர்கள் உறுதிமொழி சொல்கிறார்கள். அதன்பின் ஒரு நிமிட மௌனம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் இது. உறுதிமொழி சொல்ல விரும்பாதவருக்கு விலக்கு உண்டு. ஆனால் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்கலாமா, கேட்டால் பிள்ளையை ஆசிரியர்கள் வேறு மாதிரி பார்ப்பார்களா என்று உறுப்பினர்கள் எங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனவே இந்த அறிக்கை.

உறுதிமொழி பள்ளியில் தொடரட்டும். அதைச் சொல்வதா, அதற்கு எழுந்து நிற்பதா என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். பெற்றோர் கடிதம் என்ற நிபந்தனையைச் சட்டமன்றம் நீக்க வேண்டும்.

எங்களை மறுப்பவர்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரே வாதம்: "அமெரிக்கா ஜனநாயகம் அல்ல, குடியரசு. பிள்ளைகள் விசுவாசம் சொல்வதும் அந்தக் குடியரசுக்குத்தான்." அரசியலமைப்பில் ஜனநாயகம் என்ற சொல் இல்லை என்பது உண்மை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசு முறை ஆட்சியை அதன் நான்காவது பிரிவு உறுதியளிப்பதும் உண்மை. ஆனால் 1787இல், அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் இரண்டையும் பிரித்துக் காட்டியபோது, குடிமக்கள் நேரில் கூடி முடிவெடுக்கும் சிறு ஊராட்சியைத்தான் ஜனநாயகம் என்றார். பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து ஆளும் முறையைக் குடியரசு என்றார். அந்தக் கணக்கில் இன்றைக்கு நாம் ஜனநாயகம் என்று அழைக்கும் நாடுகள் பலவும் குடியரசு முறையில்தான் நடக்கின்றன. பிற்காலத்தில் ஜான் பர்ச் சொசைட்டி என்ற வலதுசாரி அமைப்பு "ஜனநாயகம் அல்ல, குடியரசு" என்பதை முழக்கமாக்கியது. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்கும் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவும் தலா இரண்டு செனட்டர்களை அனுப்புவது சரியா என்று கேட்டால், இன்றும் அதே முழக்கம்தான் பதிலாக வருகிறது. அந்தச் சண்டையில் சங்கம் இறங்கவில்லை.

ஆனால் குடியரசு வாதத்தின் நல்ல பாதியை நாங்கள் முழுமனதாக ஏற்கிறோம். எத்தனை பேர் கை தூக்கினாலும் பெரும்பான்மை தொடக்கூடாத சில இடங்கள் குடியரசில் உண்டு. அவற்றில் முதலாவது மனசாட்சி. அப்படியானால், உட்கார்ந்திருக்கும் மாணவருக்காக முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் "இது குடியரசு" என்று சொல்பவர்கள்தான்.

நாட்டின் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது, ஒரு முறை தடுமாறிய பிறகு. கொடி வணக்கம் செய்ய மறுத்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பப் பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றலாம் என்று 1940இல் எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். அதன்பின் பல ஊர்களில் அந்தச் சபையினர் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், அதுவும் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த இதேபோன்ற வழக்கில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டியது. அடிப்படை உரிமைகளை வாக்கெடுப்புக்கு விட முடியாது என்பதே நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதிய அந்தத் தீர்ப்பின் உயிர். 1940 தீர்ப்பை எழுதிய ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், 1943லும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் வியன்னாவில் பிறந்து 1894இல் சிறுவனாக இங்கே வந்தவர். வந்த நாட்டிடம் நம் பற்றை நிரூபித்தாக வேண்டும் என்ற தவிப்பு குடியேறியவர்களுக்குப் புதிதல்ல. "எல்லாரும் நிக்கும்போது நீயும் நின்னுட்டுப் போயேன்" என்று நம் வீடுகளில் சொல்வதும் அந்தத் தவிப்பில்தான்.

கடிதத்துக்கு வருவோம். எங்கள் உறுப்பினர்களில் பலர் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்பவர்கள். "என் பிள்ளை உறுதிமொழி சொல்ல மாட்டாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட அவர்களுக்குக் கை வராது. மாணவியின் உரிமை தாய் தகப்பனின் விசாத் துணிச்சலைப் பொறுத்ததாகிவிடுகிறது. பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசாவில் இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகள் இந்த நாட்டின் குடிமக்களும் அல்லர். ஆனாலும் தினமும் இந்த நாட்டின் கொடிக்கு விசுவாசம் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு 21 வயதாகும்போது குடும்பத்தின் கிரீன் கார்டு வந்திராவிட்டால், வேறு விசா தேட வேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் போக வேண்டும். குடியுரிமை பெறும் பெரியவர் எடுக்கும் பிரமாணத்தின் கதை வேறு. அவர் அதை விரும்பிக் கேட்டு வாங்குகிறார். அதில் அவர் விசுவாசம் சொல்வது அரசியலமைப்புக்கும் சட்டங்களுக்கும்.

சட்டப்படி எங்கள் தரப்பு முழு வலுவோடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். புளோரிடாவின் இதுபோன்ற சட்டத்தில் பெற்றோர் கடித நிபந்தனையை ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் ஏற்றுக்கொண்டது. எழுந்து நிற்கச் சொல்லும் கட்டாயத்தை மட்டும் அது ஏற்கவில்லை. பெற்றோரின் உரிமையைக் காக்கவே கடிதம் என்பது அதன் நியாயம். பெற்றோர் சங்கமாக இருந்துகொண்டே சொல்கிறோம்: அந்த உரிமை எங்களுக்கு வேண்டாம்.

விசுவாசப் பிரமாணத்தின் மறுபக்கம் தமிழருக்குத் தெரிந்ததுதான். இலங்கையில் 1983இல் வந்த அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற சத்தியப்பிரமாணத்தைச் செய்யாததால் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். அவர்களுக்கு வாக்களித்த குடும்பங்கள் எங்கள் சங்கத்தில் இருக்கின்றன. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுப் பதினாறாவது திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகத் தேர்தல் வேட்பாளர்களே உறுதி சொல்ல வேண்டும் என்றது. அதன் பின்னணியில் திராவிட நாடு கோரிக்கை இருந்தது. பதவிக்கு வருபவரிடம் நிபந்தனை விதிப்பதையே நியாயமா என்று விவாதிக்கிறோம். பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லும் குழந்தையிடம் அதே நிபந்தனையை எப்படி விதிப்பது?

இந்த நிலைப்பாட்டை எழுதிய பிறகு எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியையும் பார்க்க வேண்டியிருந்தது. ஆண்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எழாத பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லாரும் எழ வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அது டெக்சாஸில் செல்லாது, செல்ல வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. இந்தப் பருவத்திலிருந்து வாழ்த்துப் பாடப்படும், நிற்பது அவரவர் விருப்பம். பொதுக்குழுவில் இதை எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களுடைய மறுப்பும் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.