டீம் அவுட்டிங்கில் பைகளுக்குக் காவல் யார்?

ஆபீஸ் டீம் அவுட்டிங் என்றாலே கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், ரிலே என்று வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் வந்துவிடும். அன்றைக்கு எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டு ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். வீல்சேரில் வருபவர், முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி... யாராகவும் இருக்கலாம். ''நீங்க ஸ்கோர் எழுதுங்களேன்'' என்பது கரிசனம்தான். வருஷா வருஷம் அதே கையில் ஸ்கோர் நோட்டு என்றால், அடுத்த முறை அவருக்கு அன்றைக்கென்று ஊரில் ஒரு கல்யாணம் வந்துவிடும்!

பார்வையற்றோர் கிரிக்கெட்டைப் பாருங்கள். பந்துக்குள் சத்தம் எழுப்பும் குண்டுகள் இருக்கும். 11 பேரில் குறைந்தது 4 பேர் முற்றிலும் பார்வையில்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் இரண்டாகக் கணக்கில் சேரும். அவர்களை ஒதுக்கிவிட்டு எந்த கேப்டனும் ஜெயிக்க முடியாது. உங்கள் விளையாட்டுக்கும் இப்படி ஒரு விதி யோசிக்கலாமே?

முதல் வேலை, ஒரு வாரம் முன்பே கேட்பது. ''உங்களுக்கு என்ன பிரச்னை?'' என்றல்ல, ''எது இருந்தா நீங்க விளையாடுவீங்க?'' என்று. அதையும் எல்லோரிடமும் கேளுங்கள். மூட்டுவலியை வெளியே சொல்லாதவர்கள் எல்லா டீமிலும் உண்டு.

அடுத்தது இடம். மணலில் வீல்சேர் புதையும். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-ல் கடலருகே வரை மரப்பாதை போட்டார்கள். சில நாள்களிலேயே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, பிறகு சரிசெய்யப்பட்டது. அதனால் எந்த இடமானாலும் போட்டோவை நம்பாமல் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கழிப்பறைக் கதவில் வீல்சேர் நுழையுமா என்பது முக்கியம். இல்லையென்றால், அன்று முழுக்க அவர் தண்ணீர் குடிக்காமல் இருப்பார். இதை யாரும் கவனிப்பதே இல்லை.

விளையாட்டுக்கு, பாராலிம்பிக்கில் 1984 முதல் இருக்கும் போச்சியா நல்ல தேர்வு. எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைப் பந்துக்கு அருகில் தங்கள் பந்து போய் நிற்கும்படி எறிய வேண்டும். எறிய முடியாதவர் சரிவுப் பலகையில் உருட்டலாம். மைதானத்தில் நன்றாக ஓடுபவர்கள் இதில் திணறுவது தனி வேடிக்கை. புதையல் வேட்டை என்றால் குறிப்புகளை எழுத்திலும் வாய்ஸ் மெசேஜிலும் கொடுங்கள். வேகத்துக்குப் பரிசு வேண்டாம். நால்வரும் சேர்ந்து வந்தால்தான் பாயின்ட். விசில் ஊதும்போதே கொடியையும் அசைத்தால் காது கேளாதவருக்கும் தெரியும்.

பைகளா? வேனிலேயே வைத்துப் பூட்டிவிடலாம்.