புடவை இருக்கிறது, தேடினால் இல்லை!

இணையக் கடையில் ‘காஞ்சிபுரம் பட்டு’ என டைப் செய்து என்டர் தட்டுகிறீர்கள். எதுவும் இல்லை என்று பதில் வருகிறது. சரக்கு இல்லை போலும் என நினைத்து வெளியேறி விடாதீர்கள். இணையக் கடைகளுக்கு புரோகிராம் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், பல சமயம் புடவை உள்ளேதான் இருக்கிறது.

நீங்கள் தேடும்போது கடையின் சாப்ட்வேர் ஒவ்வொரு பொருளாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்பே தயாரித்து வைத்த இண்டெக்ஸில்தான் பார்க்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டிருப்பார்களே, அதே போன்ற பட்டியல்தான் இது. புதிய புடவையைச் சேர்த்துவிட்டு இண்டெக்ஸைப் புதுப்பிக்காவிட்டால், டேட்டாபேஸில் இருக்கும், தேடினால் வராது. உங்கள் விண்டோஸிலும் இதே கதைதான். பைல் தேடலில் வரவில்லை என்றால் கண்ட்ரோல் பேனலில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு சென்று ரீபில்ட் கிளிக் செய்து பாருங்கள். நேரமாகும், பொறுமை வேண்டும்.

இணையக் கடை அமைக்க உதவும் மெஜன்டோ 2008ல் வெளியானது. 2018ல் அடோபி அதை வாங்கியது. இதில் பொருளை சேவ் செய்தவுடனேயே இண்டெக்ஸைப் புதுப்பிக்கலாம். அல்லது குறித்த நேரங்களில் தானாகவே புதுப்பிக்கச் செய்யலாம். பெரிய கடைக்கு இரண்டாவதே நல்லது. ஆனால் அதை இயக்கும் ‘கிரான்’ என்ற வேலை சர்வரில் சத்தமில்லாமல் நின்றுவிட்டால் புதுச் சரக்கு தேடலில் தலைகாட்டாது. கிரானைச் சரிசெய்து, ரீஇண்டெக்ஸ் கட்டளை கொடுத்துப் பட்டியலை மீண்டும் உருவாக்க வேண்டும்.

இத்தோடு பிரச்னை தீர்ந்தது என்று நினைக்கும் கடைக்காரர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. யாரும் எழுதி வைக்காத சொல்லை இண்டெக்ஸ் எங்கிருந்து கொண்டு வரும்? எம்.எஸ். சுப்புலட்சுமியால் புகழ்பெற்ற ‘எம்.எஸ். புளூ’வை ஒருவர் தேடுகிறார். கடையில் ‘நீலப் புடவை’ என்று மட்டும் பதிந்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை காஞ்சீவரம் எனத் தேடுபவர்களும் ஏராளம். பக்கத்தில் உள்ள கூரத்தையே ஆங்கிலத்தில் யு போட்டும் எழுதுகிறோம், இரண்டு ஓ போட்டும் எழுதுகிறோம்! இப்படி ஒரே பொருள் தரும் சொற்களைச் சேர்த்து வைக்க மெஜன்டோவில் சினானிம்ஸ் வசதி உண்டு. பல கடைகளில் அது காலியாகவே கிடக்கிறது. அதை நிரப்ப வேண்டியவர் என்னைப் போன்ற புரோகிராமர் அல்ல, புடவை தெரிந்தவர். உதவிக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் கோர்வை போட்டு நெய்தவருக்கு, தேடலில் வராத புடவை விற்காத புடவைதான்.

கடைக்காரர்கள் திருந்தும் வரை, வேறு எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். அதிலும் வரவில்லையா? தேடல் கட்டத்தை விட்டுவிட்டு, பட்டுப் புடவைகள் என்ற பிரிவைத் திறந்து, பக்கம் பக்கமாகப் பாருங்கள்.