யோபுவின் கதை கேட்டவர்

சென்ற வாரம் ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. நாகர்கோவில்காரர். கணவருக்கு ஆறு மாதமாக வேலையில்லை. மூத்த பையன் படுத்த படுக்கை. "தினமும் ஜெபமாலை சொல்லுகிறேன். கோட்டாறு கோயிலுக்கு நடையாய் நடக்கிறேன். கஷ்டம் கூடுகிறதே தவிரக் குறையக் காணோம். ஆண்டவருக்குக் காது கேட்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

இதற்குப் பதில் சொல்ல நான் பாதிரியார் அல்ல, அம்மா. ஆனால் நீங்கள் மண்டியிடும் அதே கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கமாகியிருக்கிறாரே ஒருவர், அவருடைய கதைதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்ட வர்மாவின் உத்தியோகஸ்தர். நல்ல குடும்பம், கௌரவமான வேலை. திடீரென்று கெட்ட காலம் வந்தது. மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது என்று சொல்வார்கள். மனிதர் இடிந்து போனார்.

அப்போது அவருக்குப் பழக்கமாயிருந்தவர் டிலனாய் என்ற வெள்ளைக்காரர். டச்சுக் கம்பெனிக்காகப் போரிட வந்து, 1741-இல் குளச்சலில் தோற்றுக் கைதியானவர். தம்மைத் தோற்கடித்த ராஜாவின் சேனைக்கே பிறகு பயிற்சி கொடுத்து வந்தார். நண்பரின் வாடிய முகத்தைப் பார்த்து அவர் சொன்னது வேதத்திலுள்ள யோபுவின் கதை. ஆடுமாடு, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் போய், சாம்பலில் உட்கார்ந்த மனிதனின் கதை அது. ஊரையும் உறவையும் விட்டு வந்த ஒரு கைதி சொன்னதனால்தான் அது நெஞ்சில் தைத்ததோ என்னவோ! சௌக்கியமாக உட்கார்ந்திருப்பவர்கள், "எல்லாம் நன்மைக்கே" என்று சொன்னால் நமக்கு எரிச்சல்தானே வருகிறது?

அந்தக் கதையில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். யோபுவின் சிநேகிதர்கள் துக்கம் விசாரிக்க வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாயைத் திறந்து, 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் வம்பு! யோபுவும் சும்மா இருக்கவில்லை. ஆண்டவரையே கேள்வி கேட்கிறான். ஆகையால், சகோதரி, கேட்டுவிட்டோமே என்று நீங்கள் கூசவேண்டாம்.

நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். புதுப் பெயர் தேவசகாயம். பெயரிலேயே சகாயம் இருக்கிறது. வாழ்க்கையில் வந்ததோ வேறு. அரண்மனையில் பகை மூண்டது. 1749-இல் பிடித்து விலங்கிட்டார்கள். அதற்குக் காரணம் மதம்தானா, அரண்மனைச் சூழ்ச்சியா என்று இன்றும் வாதாடுகிறவர்கள் உண்டு. பட்ட பாட்டைப் பற்றி ஊர் மறக்கவில்லை: எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள், பிரம்பால் அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். மூன்று வருஷம்! கடைசியில் 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். மாடுகள் செத்ததற்கு மனம் உடைந்த அதே மனிதர் இத்தனையும் தாங்கினார். கஷ்டம் குறையவில்லை, மனிதர்தான் மாறியிருந்தார். 2022 மே 15-இல் ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இந்தியாவில் துறவியோ குருவோ அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஆனால் எனக்கு இன்னொருவரைப் பற்றித்தான் ஏக்கம். அவர் மனைவி பார்கவி அம்மாள். அவரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். கணவர் விலங்கில் கிடந்த நாட்களில் அந்தப் பெண்மணி எப்படி உலை வைத்தார், யாரிடம் போய் அழுதார்? சரித்திரம் ஆண்களின் காயங்களை எண்ணி வைக்கிறது. அடுப்படியில் சிந்திய கண்ணீரை யார் எண்ணினார்கள்? கணவர் போன பிறகும் வடக்கன்குளத்திலேயே இருந்து, 1766-இல் அங்கேயே கண்ணை மூடினார். பதினான்கு வருஷம்! அதிசயம் எதுவும் நடக்காத, வெறும் காலையும் மாலையுமான பதினான்கு வருஷம்.

காற்றாடி மலைப் பக்கம் போனால் இன்று காற்றாலைகள் சுழலுகின்றன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறும் பெண்களைக் காணலாம். அவர்களில் எத்தனை பேர் உங்களைப் போலவே கேட்டுக்கொண்டு ஏறுகிறார்களோ!

பக்கத்து வீட்டு அம்மாள் சாயங்காலம் வந்து உங்களோடு பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பையனுக்கு ஜுரம் எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் அவசியம் எழுதுங்கள்.