கேஜ் வீலுக்கு அபராதம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

கேஜ் வீல் பூட்டிய டிராக்டர்கள் கிராமத்துத் தார்ச்சாலைகளைக் கொத்திப் போடுவதைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஏற்கிறேன். இரும்புச் சக்கரத்தோடு சாலையில் ஏறுவது தவறுதான். ஆனால் அந்தத் தவறு ஏன் நடக்கிறது என்பதையும் எழுதியிருக்கலாம்.

ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இளைஞர்கள் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஏர் மாடும் அருகிவிட்டது. ஏரிப் பாசன வயலில் சேடை ஓட்ட டிராக்டரை விட்டால் வழியில்லை. வெறும் டயர் சேற்றில் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். டயரைக் கழற்றாமல் அதன் பக்கவாட்டில் பூட்டும் அரை கேஜ் வீல்தான் நல்ல மாற்று; டயரைவிட விட்டம் குறைவாக இருந்தால் சாலையில் இரும்பு படாது. ஆனால் கடைகளில் நான் கண்டதெல்லாம் 13.6-28, 14.9-28 டயர்களுக்கானவை. என் பழைய மாசி பெர்குசன் 1035-இல் இருப்பது 12.4-28. வேலூரிலும் குடியாத்தத்திலும் கேட்டு அலைந்து, கடைசியில் ஒரு பட்டறையில் அடித்து வாங்கினேன். போல்ட் துளை பொருந்தவில்லை, மறுபடியும் வெல்டிங். இந்தச் செலவுக்கு அஞ்சித்தான் எங்கள் பக்கம் சிலர் முழு இரும்புச் சக்கரத்தை மாட்டிவிட்டு, வயலுக்கு வயல் கழற்றி மாட்ட நேரமில்லாமல் அப்படியே ரோட்டில் ஓட்டுகிறார்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் கருவிகளையும் வாடகைக்கு விடுகிறது. அவற்றோடு பழைய டயர் அளவுகளுக்கான அரை கேஜ் வீல்களையும் சேர்த்து, நடவுப் பருவத்துக்கு முன்பே வட்டாரம்தோறும் வைக்க வேண்டும். அபராதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.

– ஒரு விவசாயி,
மாதனூர், திருப்பத்தூர் மாவட்டம்